பழைய ராணுவக் கடிகாரத்தின் சாயலில் வரும் புதியவை: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
என் தாத்தா ராணுவத்திலிருந்து கொண்டுவந்த கைக்கடிகாரத்துக்குக் கறுப்பு முகப்பு; அதில் ஓர் அம்புக்குறி; ஆறாம் எண் இருக்க வேண்டிய இடத்தில் நொடிமுள்ளுக்கென்று தனியாக ஒரு சிறு வட்டம். அது நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பணி ஓய்வு பெறும் இந்த ஆண்டில் அதே சாயலில் உயர்தரமான புதுக் கடிகாரம் ஒன்று வாங்க விரும்புகிறேன். கோயம்புத்தூர்க் கடையில் காட்டியவை புத்தம் புதியவை. ஆனால் அவற்றின் எண்கள் பழுத்த வெற்றிலைபோல் மஞ்சளித்திருந்தன. அது ஏன்? எதை நம்பி வாங்கலாம்?

மறுமொழி (பாலக்காடு, கடிகாரம் பழுதுபார்ப்பவர்):
ஐயா, பின்மூடியில் டபிள்யூ என்ற எழுத்து மூன்று முறை பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், 1945 வாக்கில் ஒமேகா, லாஞ்சின், வெர்டெக்ஸ் உள்ளிட்ட 12 நிறுவனங்கள் பிரிட்டிஷ் படைக்குச் செய்துகொடுத்த வகை அது. இருட்டில் ஒளிர்வதற்காக அக்காலத்தில் எண்களில் ரேடியம் கலந்த பூச்சு இட்டார்கள். அதன் கதிர்வீச்சே பூச்சில் உடனிருந்து ஒளிரும் பொருளான துத்தநாக சல்பைடைச் சிதைத்துவிடுவதால், சில பத்தாண்டுகளில் ஒளி மங்கி நிறமும் பழுத்துப்போகிறது. புதியவற்றில் அந்த நிறத்தை மட்டும் சாயமாகச் சேர்க்கிறார்கள், கதிர்வீச்சு கிடையாது. ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் என்பதால், ஒளி போனாலும் தாத்தாவின் கடிகாரத்தில் கதிர்வீச்சு இருக்கும். தயவுசெய்து அதை வீட்டில் திறக்காதீர்கள். உதிரும் தூசி மூச்சில் போகக் கூடாது.

மறுமொழி (செங்கோட்டை):
நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம் என்பேன். போர்க்களத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு காரணம் இருந்தது. 1948இல் வந்த ஐடபிள்யூசி நிறுவனத்தின் விமானிக் கடிகாரமான மார்க் 11, விமானத்தின் காந்தப்புலத்தால் நேரம் பிசகாதிருக்க இயந்திரத்தைத் தேனிரும்பு உறைக்குள் வைத்தது. அதன் அகலம் 36 மில்லிமீட்டர்தான். இன்றைய மார்க் 20 நாற்பது. காரணத்தையும் சேர்த்துக் காத்தவை குறைவு. பிரெஞ்சுக் கடற்படை முக்குளிப்பவர்களுக்காக 2021இல் வந்த டியூடர் நிறுவனத்தின் பெலாகோஸ் எஃப்எக்ஸ்டி அப்படிப்பட்டது: பட்டை மாட்டும் கம்பிகள் கூட்டோடு ஒன்றாகவே இருப்பதால் நீருக்கடியில் கழன்றுவிடாது. என் பரிந்துரை அதுதான், மணிக்கட்டு 42 மில்லிமீட்டரைத் தாங்குமானால்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். மூன்று டபிள்யூவும் இருக்கின்றன. இங்கேயும் கம்பிகள் கூட்டோடு பற்றவைக்கப்பட்டவையே. அவற்றைச் சுற்றித் தாத்தா தம் கையால் தைத்த காடாத்துணிப் பட்டை இன்னும் பிரியவில்லை. அதைத் திறக்காமல் பத்திரப்படுத்திவிட்டு, பெலாகோஸை அடுத்த வாரம் கையில் கட்டிப் பார்த்து எழுதுகிறேன்.