ஏற்காட்டு ரிவால்வர் உரிமம் குடகு வரை செல்லுமா?

காப்பிக்காட்டான்

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்குப் பதினெட்டு ஏக்கர் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி. அப்பா காலத்திலிருந்து வீட்டில் ஒரு .32 ரிவால்வர் இருக்கிறது. கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்தது, ஆறு தோட்டா போடுவது. வாங்கியதற்குக் காரணம் சனிக்கிழமைச் சம்பளம். சேலத்தில் பேங்கில் பணம் எடுத்து, ஜீப்பில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, ஆட்களின் கையில் எண்ணிக் கொடுக்க வேண்டிய காலம் அது. இப்போது பாதிப் பேருக்கு போனிலேயே போய்விடுகிறது. அப்பாவுக்கு எழுபது வயது ஆனதும் வாரிசு என்ற முறையில் என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். மூன்று வருடம் ஆகிறது. நான் ஒரு தடவை கூடச் சுட்டதில்லை. எண்ணெய் போட்டுத் துடைப்பதோடு சரி.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் அக்கா மகளுக்கு மைசூரில் கல்யாணம். அது முடிந்ததும் அப்படியே குடகுக்குப் போய், சித்தாபுரத்தில் மனைவியின் சித்தப்பா தோட்டத்தில் ஒரு வாரம் தங்குகிறோம். அப்பாவும் எங்களோடுதான் வருகிறார். ஆக மொத்தம் பத்து நாள் பங்களா பூட்டிக் கிடக்கும். போன வருடம் பக்கத்துத் தோட்டத்தில் குடோன் பூட்டை உடைத்து மிளகு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் இருப்பது தேக்கு அலமாரி. ஓங்கி ஒரு உதை விட்டால் திறந்துகொள்ளும். அதனால் கையோடு கொண்டுபோவதுதான் பத்திரம் என்று தோன்றுகிறது. அக்கா வீட்டுக்காரர், "குடகில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி, உன்னை யார் கேட்கப் போகிறார்கள்" என்கிறார்.

கொண்டுபோகலாமா? கூடாது என்றால் எங்கள் எஸ்டேட் ரைட்டரிடம் (கணக்கு எழுதுபவர்) கொடுத்துவிட்டுப் போகலாமா? பதினெட்டு வருடமாக எங்களிடம் இருப்பவர், தங்கமான மனிதர். போகும் வழி: மேட்டூர், கொளத்தூர், பாலாறு, மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால்.

ஐந்துரோட்டான்

இதுக்கெல்லாம் ஒரு கேள்வியா அண்ணா. டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே துணியில் சுத்தி வையுங்க. குடும்பத்தோட, பட்டுப்புடவையோட போற காரை எவன் நிறுத்தப் போறான்? லைசென்ஸ்தான் இருக்கே.

பழைய கோப்பு

தம்பி, மேலே இருப்பவர் சொன்னதைத் தயவுசெய்து கேட்க வேண்டாம். நான் ஆயுத உரிமக் கோப்புகள் வரும் பிரிவில் பதினோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். (உங்கள் மாவட்டம் இல்லை, வேறு.) என் மேசைக்கு வந்த வில்லங்கங்களில் பாதிக்கு மேல் "லைசென்ஸ்தான் இருக்கே" என்று சொன்னவர்களுடையது.

முதலில் உரிமப் புத்தகத்தை எடுத்து, எந்தப் பகுதிக்குள் செல்லும் என்று எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை. மாவட்டம் என்று இருந்தால் மாவட்டம் வரைதான், தமிழ்நாடு என்று இருந்தால் தமிழ்நாடு வரைதான். கர்நாடக எல்லையில் உள்ள பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் அந்தப் புத்தகத்துக்கு மதிப்பில்லை. பக்கத்து மாநிலங்களையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லி மனு போடலாம். ஆனால் அது உள்ளூர் மேசையோடு முடிகிற காரியம் இல்லை. போலீஸ் அறிக்கை, என்ன தேவை என்ற விசாரணை என்று ஒவ்வொன்றாக வரும். கல்யாணத்துக்குப் போகிறேன் என்பதை யாரும் தேவையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்தியா முழுக்கச் செல்லும் உரிமம் என்றால் எம்.பி.க்கள், ராணுவத்தார், போட்டிகளில் சுடும் வீரர்கள் மாதிரி ஆட்களுக்குத்தான் வழக்கமாகக் கிடைக்கும்.

குடகுக் கதைக்கு வருகிறேன். உங்கள் அக்கா வீட்டுக்காரர் சொன்னதில் பாதி உண்மை. கொடவர்களுக்கும், அங்கே ஜம்மா என்ற பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் ஆயுதச் சட்டத்தில் உரிமம் எடுப்பதிலிருந்து விலக்கு உண்டு. வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு அது. 2019இல் மத்திய அரசு அதைப் பத்து வருடத்துக்கு நீட்டித்தது, 2029 வரை இருக்கிறது. வழக்குப் போட்டும் 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் செல்லும் என்றே சொன்னது. ஆனால் அந்த விலக்கு ஆளுக்குத்தான், ஊருக்கு இல்லை. நாகலூர்க்காரர் சித்தாபுரம் போய் இறங்கியதால் கொடவர் ஆகிவிட மாட்டார்.

அடுத்தது, நீங்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுவது: உங்கள் வழி. மாதேஸ்வரன் மலைக் காடு 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 31ஐப் பாருங்கள். தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுத்தில் அனுமதி தராமல் எந்த ஆயுதத்தோடும் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. சத்தியமங்கலம், திம்பம் வழியாகச் சுற்றிப் போனாலும் அதுவும் புலிகள் காப்பகம். வீரப்பன் போய் இருபது வருடம் தாண்டிவிட்டது. இருந்தாலும் அந்த ரோட்டில் காரில் ரிவால்வர் கிடைத்தால் வனத்துறை ஆள் உங்கள் மிளகுக் கதையைக் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார். (கேள்வியில் காட்டுமாடு என்ற சொல் வராததே எனக்குப் பெரிய நிம்மதி. எஸ்டேட்காரர்கள் வழக்கமாக அதைச் சுடலாமா என்பதில்தான் போய் நிற்பார்கள். அது அதே சட்டத்தின் முதல் அட்டவணையில், உச்சப் பாதுகாப்பில் இருக்கும் விலங்கு.)

கல்யாண மண்டபத்தை மறந்துவிடாதீர்கள். திருவிழா, சாமி ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி கல்லூரி வளாகம், இங்கெல்லாம் தனி அனுமதி இல்லாமல் ஆயுதத்தைக் கொண்டுபோகக் கூடாது என்பது உரிமத்திலேயே இருக்கும் நிபந்தனை. ஏற்காடு கோடை விழாவுக்குக் கூட இடுப்பில் வைத்துக்கொண்டு போக முடியாது. மண்டபம் பொதுக்கூட்டமா இல்லையா என்று அங்கே நின்று வாதாடிக்கொண்டிருப்பீர்களா? கல்யாணத்தில் ஆசைக்கு ஒரு வெடி என்று யாராவது சுட்டால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நீங்கள் சுட மாட்டீர்கள். காட்டு காட்டு என்று கேட்கும் மச்சான்மார்கள் எல்லாக் கல்யாணத்திலும் உண்டு.

ரைட்டர் விஷயம்: வேண்டவே வேண்டாம். பதினெட்டு வருட நம்பிக்கைக்கு நீங்கள் செய்யும் கைம்மாறு அவர்மேல் ஒரு கேஸாகத்தான் முடியும். உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். உரிமம் இல்லாதவர் கையில் துப்பாக்கி இருந்தால் ஆயுதச் சட்டம் பிரிவு 25இன் கீழ் இரண்டு முதல் ஐந்து வருடம். நிபந்தனையை மீறியதற்கான பிரிவு 30 அதைவிட லேசு, ஆறு மாதம் வரைதான். எல்லை தாண்டிக் கொண்டுபோனதை இரண்டில் எதில் சேர்ப்பது என்பதை வக்கீலும் இன்ஸ்பெக்டரும் பேசித் தீர்ப்பதற்குள் உங்கள் பத்து நாள் போய்விடும்.

செய்ய வேண்டியது சுலபம். சேலத்தில் உரிமம் உள்ள துப்பாக்கிக் கடையில், பாதுகாப்புக்கு வாங்கி வைக்க அனுமதி இருக்கிறதா என்று கேட்டு ஒப்படையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஸ்டேஷன். தேர்தல் வரும்போது எல்லோரும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்களே, அதே வேலைதான், அவர்களுக்குப் பழக்கம். ரசீதில் துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை இரண்டும் இருக்க வேண்டும். புத்தகத்தில் எத்தனை தோட்டாவோ அத்தனையும் கையில் இருக்கிறதா என்று போவதற்கு முன்பே எண்ணிக்கொள்ளுங்கள். மலையிறங்கும்போது தோட்டா கழற்றி, உறையில் போட்டு, வெளியே தெரியாமல், உங்கள் கைக்கு எட்டும் பையில். திரும்பி வந்ததும் அந்தத் தேக்கு அலமாரிக்குப் பதிலாகச் சுவரில் பதித்த இரும்புப் பெட்டி ஒன்று வாங்குங்கள்.

செவ்வாய்ப்பேட்டை மண்டி

கோப்பு ஐயா சொன்னது அத்தனையும் நிஜம். நான் பட்டவன். பெயரெல்லாம் வேண்டாம், தப்பு முழுக்க என்னுடையது. பக்கத்து மாநிலத்தில் ஒரு மலைக்கோயிலுக்குக் குடும்பத்தோடு போனோம். மண்டியில் வசூல் முடித்த கையோடு கிளம்பியதால் பிஸ்டல் பையிலேயே இருந்தது, சத்தியமாக மறந்தே போனேன். அடிவாரத்தில் எல்லாப் பையையும் மிஷினில் விடுகிறார்கள். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் எழுந்து நின்றதும்தான் எனக்கு நினைவே வந்தது. உரிமத்தை நீட்டினேன். "இதில் தமிழ்நாடு என்று இருக்கிறது, நீங்கள் நிற்பது எங்கே?" என்று ஒரே கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

சாயங்காலம் வரை ஸ்டேஷன் பெஞ்சு. மொட்டை போட வந்த மாமனார் மொட்டை போடாமலே திரும்பினார், இன்றைக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். அப்புறம் வக்கீல், வாய்தா, இங்கே உரிமம் நிறுத்திவைப்பு. கிட்டத்தட்ட இரண்டு வருடம் அலைந்தேன். இப்போது ஊரை விட்டுக் கிளம்பும்போது கேஸ் சிலிண்டர் மூடினோமா என்று பார்க்கிற மாதிரி பையைக் கவிழ்த்துப் பார்க்கிறேன்.

அம்மாபேட்டை டு டாலஸ்

நம்ம ஊர்க் கேள்வி என்பதால் உள்ளே வந்தேன். மாநில எல்லை பிரச்சினை இங்கே அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை. நான் இருக்கும் டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், சட்டப்படி தடை இல்லாத 21 வயதுக்காரர் உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம். அதே ஆள் நியூ ஜெர்சிக்குள் அப்படிப் போனால் குற்றவாளி. அங்கே வேறு மாநிலத்து உரிமத்தை ஏற்பதில்லை. கலிபோர்னியாவும் நியூயார்க்கும் அப்படியே.

இதற்காக 1986இல் ஒரு மத்திய சட்டம் வந்தது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் உங்களுக்கு அனுமதி இருந்தால் நடுவில் உள்ள மாநிலங்களைக் கடக்கலாம். ஆனால் தோட்டா கழற்றியிருக்க வேண்டும், துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கு எட்டக் கூடாது. டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில். டாஷ்போர்டு அறை கணக்கில் வராது. கேட்கச் சுலபமாக இருக்கிறதா? 2005இல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியா போன ஒருவர் நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டார். துப்பாக்கியை முறைப்படி சொல்லிப் பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தார். ராத்திரி தங்க வேண்டி வந்ததால் பெட்டியை வாங்கிக்கொண்டு ஹோட்டலுக்குப் போனார். காலையில் கவுன்டரில் அவரே "உள்ளே துப்பாக்கி இருக்கிறது" என்று சொன்னார், கைது செய்துவிட்டார்கள். நாலு நாள் சிறை. வழக்கைக் கைவிட்டார்கள், ஆனால் அவர் நஷ்ட ஈடு கேட்டபோது மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் அவருக்கு எதிராகத்தான் சொன்னது. அந்த ஒரு ராத்திரி துப்பாக்கி அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததாம்.

இங்கே வரும் நம் பையன்களுக்கு இன்னொன்று. எச்1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம், வேட்டை உரிமம் மாதிரிச் சில விலக்குகள் தவிர. நண்பன் வாங்கி வைத்திருக்கிறான், போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று கையில் தூக்காதீர்கள்.

ஐந்துரோட்டான்

சரி சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஸ்டெப்னியை மறந்துடுங்க அண்ணா.

காப்பிக்காட்டான்

எல்லோருக்கும் நன்றி, முக்கியமாகக் கோப்பு ஐயாவுக்கு. நேற்று ராத்திரியே புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அப்பாவின் பழைய உரிமத்தில் "தமிழ்நாடு" என்று இருந்தது. என் பெயருக்கு மாறியதில் "சேலம் மாவட்டம்" என்று மட்டும் இருக்கிறது. மூன்று வருடமாக அதைப் படித்ததே இல்லை. போன தை மாதம் நிலப் பத்திரத்துக்குப் பணம் எடுத்துக்கொண்டு பவானிக்குப் போனபோது சீட்டுக்கு அடியில் அதுவும் கூட வந்தது. பவானி ஈரோடு மாவட்டம். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

இன்று காலை தோட்டாவை எண்ணினேன். புத்தகத்தில் இருபத்தைந்து, டப்பாவில் இருபத்து நான்கு. மறுபடி மறுபடி எண்ணினேன், இருபத்து நான்குதான். அலமாரியைக் கவிழ்த்துக் கொட்டி, மனைவியை ஒரு சத்தம் போட்டு, கடைசியில் அப்பாவிடம் போய் நின்றேன். அவர் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, எழுந்து பூஜை அறைக்குப் போனார். முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்துப் படைத்தது, திருப்பி வைக்க மறந்துவிட்டாராம். குங்குமம் கூட அழியாமல் இருந்தது. துடைத்துவிட்டேன். மத்தியானம் சேலத்துக்கு இறங்குகிறேன், கடையில் பேசியாகிவிட்டது.