கடலோரத்திலிருந்து ஊர் மாறியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் உறவுகளே. துறைமுகச் சுவருக்கு வடக்கே இருக்கும் மீனவ ஊர் எங்களுடையது. மணல் வரத்து நின்று கரை அரிக்கிறது, கடல்மட்டமும் ஏறுகிறது. அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போடும் கற்சுவரான தூண்டில் வளைவைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்து, ஊரையே உள்ளே மாற்றலாமா என்று இப்போது ஊர்க்கூட்டத்தில் பேச்சு.

பிஜியில் வுனிடோகோலோவா என்ற கடலோரக் கிராமத்து மக்கள் 2014-இல் சுமார் 2 கி.மீ. உள்ளே போய்விட்டார்கள். எங்களுக்கோ பயம் வேறு. 2004 சுனாமிக்குப் பிறகு அரசு வீடு வாங்கியவர்கள் கடற்கரை மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டியிருந்ததே!

அப்படி இடம் மாறியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். படகும் வலையும் வைக்கக் கரையில் இடத்தை எழுத்தில் வாங்கினீர்களா? கருவாடு காயப்போடும் பெண்கள் இப்போது எங்கே காயப்போடுகிறார்கள்? அதைத்தான் எங்கள் அம்மாக்கள் முதலில் கேட்கிறார்கள். அரசாணை நகல் வைத்திருந்தால் அடுத்த கூட்டத்துக்கு முன்னால் அனுப்புங்கள்.