ஜென்வியேவ் என்றால் ‘வெள்ளை அலை’யா?

மழைக்குருவி: என்னோடு பிரெஞ்சு வகுப்பில் படிக்கும் தோழி தன் மகளுக்கு ஜென்வியேவ் என்று பெயர் வைக்கப் போகிறாள். பெயர்ப் பட்டியல் ஒன்றில் ‘வெள்ளை அலை’ என்று பொருள் போட்டிருந்ததாம். சரிதானா?

கல்வெட்டு: இல்லை. அது ஜெனிஃபருக்கு மூலமான வேல்ஸ் பெயருக்குச் சிலர் சொல்லும் பொருள். ஒலி கிட்டத்தட்ட இருப்பதால் இங்கேயும் ஒட்டிவிட்டார்கள். ஜென்வியேவின் பழைய இலத்தீன் வடிவம் கெனோவேஃபா. ஜெர்மானிய ‘குன்யா’ (குலம்), ‘வீஃப்’ (பெண்) சேர்ந்தது. குலமகள்!

நதிமூலம்: ஒப்புக்கொள்ள மாட்டேன். ‘குன்யா’ உள்ள பெயர்கள் இலத்தீனில் ‘சி’ (C) எழுத்தில் தொடங்கும், குனிகுண்டிஸ் போல. இதுவோ ‘ஜி’யில் (G) தொடங்குகிறது, உயிரும் ‘எ’. அன்றைய பிரான்சில் வழங்கிய கெல்டிக் மொழியில் ‘கெனோஸ்’ என்றாலே பிறப்பு, குலம்தான். கி.மு. 52இல் பாரிஸ் பக்கம் ரோமரோடு போரிட்டு மடிந்த முதிய தலைவன் பெயர் கமுலோகெனுஸ். அதே சொல் அதில் இருக்கிறது, பாருங்கள்.

கல்வெட்டு: அப்படியானால் ‘வேஃபா’வுக்கு என்ன பொருள்? கெல்டிக் கட்சியிடம் உறுதியான விடை இல்லையே. என் விளக்கத்தில் இரண்டு பாதிக்கும் பொருள் இருக்கிறது.

நதிமூலம்: பொருள் பொருந்திவிட்டதாலேயே அது மூலமாகிவிடாது. ‘வீஃப்’ என்பதில் நெடில் ஈகாரம், அது ‘வேஃபா’ ஆனது எப்படி என்று நீங்களும் சொல்ல வேண்டும்.

மழைக்குருவி: இந்தப் பெயர் கொண்ட பாரிஸ் புனிதை ஒருவர் உண்டே, அவருடைய பெற்றோர் பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா?

நதிமூலம்: முடியாது. நாந்தேர் ஊரில் பிறந்தவர். அப்பா செவேருஸ், இலத்தீன் பெயர். அம்மா கெரோன்சியா, கிரேக்கச் சாயல். மகள் பெயர் இரண்டிலும் சேராதது.

கல்வெட்டு: முதல் பாதி ‘குலம்’ என்பதில் நமக்குள் சண்டை இல்லை. குன்யாவும் கெனோஸும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. வடமொழி வழியே நம்மிடம் வந்த ஜனம், ஜன்மம் கூட அந்த வேர்தான். ஆனால் ‘மகளை’ நான் விடமாட்டேன்.

நதிமூலம்: குலம் வரை சொல்லுங்கள், அப்புறம் நிறுத்திக்கொள்ளுங்கள். மழைக்குருவி, தோழியிடம் 451ஆம் ஆண்டுக் கதையைச் சொல்லுங்கள். ஹூணர் அரசன் அத்தில்லா படையோடு வருகிறான் என்று பாரிஸ் மக்கள் மூட்டை கட்டினார்கள். ஓடாதீர்கள் என்று தடுத்து, ஊர்ப் பெண்களைக் கூட்டி நோன்பிருக்க வைத்தவர் இந்தப் புனிதைதான். அவன் பாரிஸ் பக்கம் வராமலே போனான்.