அகூஸ்டிக் ப்ளூஸ் கிட்டார்: கட்டைவிரலைத் தனியாக ஓட வைப்பது எப்படி?

மொட்டைமாடி_கிட்டார்:

எல்லோருக்கும் வணக்கம். கிட்டார் எனக்குப் பொழுதுபோக்குதான், மேடை ஏறும் எண்ணம் இல்லை. கல்லூரிக் காலத்திலிருந்து கார்டு பிடித்து ஸ்ட்ரம் பண்ணி சினிமாப் பாட்டு வாசிப்பேன், பார் கார்டும் (ஒரே விரலால் கம்பிகள் எல்லாவற்றையும் அழுத்துவது) ஓரளவு வரும். போன வருடம் பழைய ப்ளூஸ் பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் 1928 பதிவுகளைக் கேட்டதிலிருந்து வேறு எதையும் வாசிக்க மனம் வரவில்லை. ஒரே ஆள், ஒரே கிட்டார். கீழே பாஸ் சீராகப் போய்க்கொண்டே இருக்கிறது, மேல் கம்பிகளில் பாட்டின் மெட்டு தனியாக நடக்கிறது, அதற்கு மேல் அவர் நிதானமாகப் பாடுகிறார்.

என் பிரச்சினை கட்டைவிரல். மெட்டு தாளத் தட்டோடு சேர்ந்து விழும்வரை எல்லாம் சரியாக இருக்கிறது. இரண்டு தட்டுக்கு நடுவில் ஒரு சுரம் வந்தால் போதும், கட்டைவிரலும் அதோடு ஓடிவிடுகிறது, இல்லையென்றால் அப்படியே நின்றுவிடுகிறது. டேப் (எந்தக் கம்பியில் எங்கே அழுத்துவது என்று எண்களால் எழுதிய குறிப்பு) பார்த்து எவ்வளவு மெதுவாக வாசித்தாலும் அதே இடத்தில் உடைகிறது.

எதிலிருந்து தொடங்குவது? தம்ப் பிக் (கட்டைவிரலில் மாட்டும் மீட்டி) வேண்டுமா? ஓப்பன் ட்யூனிங் (எதையும் அழுத்தாமலே ஒரு கார்டு ஒலிக்கும்படி கம்பிகளைச் சுருதி சேர்ப்பது) பக்கம் இப்போதே போகலாமா? கையில் இருப்பது லேமினேட் பலகை ட்ரெட்நாட் (பெரிய உடல் கிட்டார்), 12 கேஜ் (தடிமன்) கம்பி. வேலை முடிந்து வந்து இரவில் அரை மணி நேரம் கிடைக்கும். பக்கத்தில் இந்த வகை வாசிப்பைச் சொல்லித்தர ஆள் கிடையாது.

ஆறாங்கம்பி:

நண்பரே, ஜான் ஹர்ட்டைக் கொஞ்ச காலம் காதால் மட்டும் கேளுங்கள். அவர் வாசிப்பு கேட்க எளிதாக இருக்கும், கைக்கு எளிதில்லை. கட்டைவிரல் இரண்டு மூன்று கம்பிகளுக்கு இடையே மாறிமாறித் தாவுகிறது, அதே நேரத்தில் மெட்டும் போகிறது. இரண்டு வேலையையும் ஒன்றாகத் தொடங்கினால் நீங்கள் சொன்ன இடத்தில்தான் உடையும்.

ஒரே கம்பியில் நிற்கும் பாஸிலிருந்து தொடங்குங்கள். டெக்சாஸ் ப்ளூஸ்காரர்கள் பலர் அப்படித்தான் வாசித்தார்கள். லைட்னின் ஹாப்கின்ஸ், மான்ஸ் லிப்ஸ்கம் இருவரையும் கேளுங்கள். டெக்சாஸ் ஆள் இல்லையென்றாலும் பிக் பில் ப்ரூன்ஸியையும் இதற்காகக் கேட்க வேண்டும். லிப்ஸ்கம் டெக்சாஸில் நவசோட்டா ஊர்ப் பக்கத்தில் குத்தகை விவசாயி, வாரம் முழுக்கப் பருத்திக்காட்டு வேலை, சனிக்கிழமை இரவானால் ஊர்க்காரர்கள் ஆடுவதற்கு விடிய விடிய வாசிப்பு. முதல் பதிவு 1960-ல் நடந்தபோது அவருக்கு 65 வயது. அவர் கட்டைவிரல் ஏன் அப்படி ஆணி அடித்த மாதிரி விழுகிறது என்றால், டிரம்ஸ் இல்லாத இடத்தில் ஆடுகிறவர்களுக்கு அதுதான் தாளம். அது நின்றால் ஆட்டமும் நின்றுவிடும்.

இப்போது கைக்கு வருவோம். ஈ கார்டு பிடியுங்கள். ஆறாவது கம்பியை (மிகத் தடித்தது) மட்டும் கட்டைவிரலால் ஒரு பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) நான்கு தட்டு, ஒரே சீராக. வலது உள்ளங்கையின் விளிம்பைப் பிரிட்ஜுக்கு (உடலில் கம்பிகள் கட்டியிருக்கும் கட்டை) பக்கத்தில் கம்பிமேல் லேசாக வையுங்கள், இழுத்து ஒலிக்காமல் 'டும் டும்' என்று அடங்கிய சத்தம் வரும். இது ஓடிக்கொண்டிருக்கும்போது வீட்டில் யாராவது ஏதாவது கேட்டால் நிறுத்தாமல் பதில் சொல்லிப் பாருங்கள். பேச்சு வரும்போது தட்டு தடுமாறினால் இன்னும் விரலை நீங்கள் கவனித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கவனிக்காமலே அது ஓட வேண்டும்.

அது வந்தபின் முதல் கம்பியை முதல் தட்டோடு சேர்த்துக் கிள்ளுங்கள். பிறகு இரண்டாம் தட்டோடு, மூன்றாம் தட்டோடு என்று தனித்தனியாக. அதற்குப் பிறகுதான் நடுவில் விழும் சுரம், அதுவும் ஒரு பாரில் ஒன்றே ஒன்று. முதலில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் மட்டும், அது பழகியதும் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். ஒரே பாரில் இரண்டு இடத்தில் வைக்க இப்போது அவசரமே இல்லை.

பிறகு ஈ-யில் 12 பார், அதாவது ப்ளூஸின் வழக்கமான சுற்று: ஈ நான்கு பார், ஏ இரண்டு, ஈ இரண்டு, பி7 ஒன்று, ஏ ஒன்று, கடைசி இரண்டு பார் ஈ. ஏ வரும்போது கட்டைவிரல் ஐந்தாவது கம்பிக்கு மாறும், பி7-க்கும் அதே ஐந்தாவது கம்பிதான், இரண்டாம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கோடு). கடைசி இரண்டு பாரில் ஒரு டர்ன்அரவுண்ட் (சுற்றை மறுபடி தொடக்கத்துக்குத் திருப்பும் சின்னச் சுரவரிசை) போடலாம். மூன்றாவது கம்பியையும் முதல் கம்பியையும் நான்காம் ஃப்ரெட்டில் பிடித்துச் சேர்த்துக் கிள்ளுங்கள், அப்படியே மூன்றாம் ஃப்ரெட், இரண்டாம் ஃப்ரெட் என்று இறங்குங்கள், கடைசியில் மூன்றாவது கம்பி ஒன்றாம் ஃப்ரெட்டோடு முதல் கம்பி ஓப்பன் (அழுத்தாமல்), அங்கிருந்து பி7. இது கைக்கு வந்த அன்று நீங்கள் வாசிப்பது ப்ளூஸ் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியும்.

அவலான்_ரசிகை:

ஆறாங்கம்பி சார் சொன்ன பயிற்சி நல்ல பயிற்சி, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஹர்ட்டைத் தள்ளி வைக்கச் சொல்வதை ஏற்க மாட்டேன். ஒருவருக்கு இரவில் அரை மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால், எந்த இசைக்காகக் கிட்டாரை எடுத்தாரோ அதை வாசிக்கிற மாதிரி இருந்தால்தான் மறுநாளும் எடுப்பார்.

ஹர்ட்டை இப்படி அணுகலாம். சி கார்டு. கட்டைவிரல் ஐந்தாவது கம்பி, நான்காவது கம்பி, ஐந்து, நான்கு என்று மாறிமாறி. எஃப், ஜி-க்கு எந்தக் கம்பிகள் என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஜி-யில் ஆறும் நான்கும். இப்போது ஒரு முழுப் பாட்டையும், மெட்டே இல்லாமல், கட்டைவிரல் மட்டும் வைத்து முதலிலிருந்து கடைசிவரை வாசியுங்கள். கார்டு மாறும் இடத்தில் பாஸ் ஒரு தட்டுகூட விடக்கூடாது. இந்த இடத்தை எல்லோரும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். மெட்டு சேர்க்கும்போது உடைவதற்குப் பாதிக் காரணம், கார்டு மாற்றமே கட்டைவிரலோடு ஒட்டாமல் இருப்பதுதான்.

பிறகு மெட்டு. நல்ல செய்தி என்னவென்றால், அவர் மெட்டுகளில் பெரும்பாலான சுரங்கள் கார்டு பிடித்திருக்கும் இடத்திலேயே கிடைக்கும். சும்மா இருக்கும் சுண்டுவிரல்தான் முதல் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டை எட்டிப் பிடிக்க வேண்டும். சி கார்டில் சுண்டுவிரலைத் தளர்வாக வைத்திருக்கப் பழகுங்கள். எஃப்-க்கு முழு பார் போடாதீர்கள், இடது கட்டைவிரலை மேலே சுற்றிக் கொண்டுவந்து ஆறாவது கம்பி ஒன்றாம் ஃப்ரெட்டை அழுத்துங்கள். பழைய ஆட்கள் பலர் அப்படித்தான் பிடித்தார்கள், மற்ற விரல்கள் மெட்டுக்குக் கிடைக்கும்.

அவர் கையைப் பார்க்கவும் வழி இருக்கிறது. 1928-ல் ஓகே இசைத்தட்டு நிறுவனத்துக்காக மெம்ஃபிஸிலும் நியூயார்க்கிலும் வாசித்துவிட்டு ஊருக்குப் போய்ப் பண்ணை வேலை பார்த்தவர், அதோடு வெளியுலகம் அவரை மறந்தே போனது. ஒரு பாட்டில் அவலான் என் சொந்த ஊர் என்று பாடியிருந்தார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு 1963-ல் ஓர் இளைஞர் மிசிசிப்பியில் அந்த ஊரைத் தேடிப் போக, மனிதர் அங்கேயே இருந்தார்! அதே வருடம் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் வாசித்தார், 1966-ல் இறந்தார். அந்த மூன்று வருடத்தில் எடுத்த படங்கள் நமக்குக் கிடைத்த வரம். நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் நடத்திய டிவி நிகழ்ச்சியில் அவர் வந்த பகுதி இணையத்தில் இருக்கிறது. வலது கை எவ்வளவு குறைவாக அசைகிறது என்று மட்டும் பாருங்கள். டேப் புத்தகம் அதைச் சொல்லாது.

ஆள் இல்லை என்றால், ஸ்டெஃபன் கிராஸ்மனின் பாட வீடியோக்களைத் தேடிப் பாருங்கள். இளைஞராக இருந்தபோது நியூயார்க்கில் பழைய ப்ளூஸ் கிட்டார்காரர் ரெவரெண்ட் கேரி டேவிஸிடம் நேராகப் படித்தவர். ஒவ்வொரு பாட்டையும் மெதுவாகப் பிரித்துக் காட்டுவார்.

மொட்டைமாடி_கிட்டார்:

இருவருக்கும் மிக்க நன்றி. இந்த வாரம் இரண்டு வழியையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தேன். ஈ-யில் ஒரே கம்பி பாஸ் இப்போது பேசிக்கொண்டே வருகிறது. சி-யில் கட்டைவிரல் மட்டும் வைத்து முழுப் பாட்டும் போகிறது, எஃப் கார்டில் கட்டைவிரலைச் சுற்றுவதுதான் வலிக்கிறது. இன்னொரு சந்தேகம். ஈ-யில் 12 பார் வாசிக்கும்போது எல்லாம் சரியான இடத்தில் விழுகிறது, ஆனாலும் ப்ளூஸ் மாதிரி இல்லை. விரல் பயிற்சி மாதிரி கேட்கிறது. என்ன குறைகிறது?

நடுக்காந்தாரம்:

இரண்டு விஷயம் குறைகிறது என்று நினைக்கிறேன், வாசித்துப் பதிந்து போட்டால் உறுதியாகச் சொல்வேன்.

ஒன்று நடை. ஒரு தட்டை இரண்டு சம பாதியாக வெட்டினால் அது இங்கே கட்டையாகக் கேட்கும். ஒவ்வொரு தட்டையும் மூன்றாகப் பிரித்து, முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் வாசியுங்கள். 'தகிட தகிட' என்று சொல்லிக்கொண்டே 'கி'-யை விழுங்கிவிடுங்கள், நடுவில் விழும் சுரம் 'ட'-வில் விழட்டும். ஹர்ட் இவ்வளவு சாய்த்து வாசிக்க மாட்டார், அவர் நடை கொஞ்சம் நேரானது. லைட்னினுக்கு இது கட்டாயம்.

இரண்டாவது காந்தாரம். ஈ-யை ஷட்ஜமாக வைத்தால் முதல் கம்பி மூன்றாம் ஃப்ரெட் சாதாரண காந்தாரம், நான்காம் ஃப்ரெட் அந்தர காந்தாரம். ப்ளூஸ் பாடுகிறவர்கள் நிற்கும் இடம் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில். அதனால் மூன்றாம் ஃப்ரெட்டில் வைத்துக் கம்பியைக் கொஞ்சம் தள்ளுங்கள், நான்காம் ஃப்ரெட்டின் சுரம்வரை போய்விடக்கூடாது, பாதி வழியில் நிறுத்துங்கள். தள்ளியதும் விட்டுவிடாமல் அங்கேயே ஒரு கணம் நின்றால் அந்த வலி வரும். கீழே மூன்றாவது கம்பியில் ஓப்பனாகத் தட்டி உடனே ஒன்றாம் ஃப்ரெட்டில் சுத்தி மாதிரி விரலை இறக்குவதும் அதே காந்தாரத்தைத் தேடும் வேலைதான். வீணை, வயலின் கேட்டு வளர்ந்த காதுக்கு இது சீக்கிரம் பிடிபடும். ஃப்ரெட்டை மட்டும் நம்பினால் கடைசிவரை பிடிபடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாடுங்கள். குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, முணுமுணுப்பாகவாவது. ஒரு வரி பாடி முடித்ததும் மிச்சமிருக்கும் இடத்தில் கிட்டார் பதில் சொல்ல வேண்டும், இந்த இசையின் அமைப்பே அதுதான். பாடாமல் வாசித்தால் எங்கே நிறுத்துவது என்றே தெரியாமல் எல்லா இடத்தையும் சுரத்தால் நிரப்பிவிடுவோம். லைட்னின் ஹாப்கின்ஸ் தனியாக வாசிக்கும் பதிவுகளில் எண்ணிப் பாருங்கள், பல இடத்தில் 12 பார் வராது. வரி நீண்டால் பாரும் நீளும், சொல்ல வந்தது முடிந்தால் அடுத்த கார்டுக்குப் போய்விடுவார். கட்டைவிரல் மட்டும் அசையாது. முதலில் 12 பாரை ஒழுங்காகப் பழகுங்கள், ஆனால் அது சட்டம் இல்லை என்பதும் காதில் இருக்கட்டும்.

நட்டும்_சேடிலும்:

வாசிப்பைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் கிட்டாரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த எஃப் வலி பாதி கிட்டாரின் வலியாக இருக்கலாம்.

கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு ஒன்றாம் ஃப்ரெட்டுக்கு மேல் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். மயிரிழை அளவுதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் நட்டின் (கழுத்து நுனியில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) பள்ளம் உயரம், எஃப் யாருக்குமே வலிக்கும். 12-ம் ஃப்ரெட்டில் ஆறாவது கம்பி சுமார் 2.5 மில்லிமீட்டர், முதல் கம்பி சுமார் 2 மில்லிமீட்டர் உயரம் இருந்தால் விரல் வாசிப்புக்கு வசதி. நிறையப் புதுக் கிட்டார்கள் இதைவிட உயரமாகத்தான் கடையிலிருந்து வருகின்றன. சேடிலை (பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) அடியில் ஒரு மில்லிமீட்டர் தேய்த்தால் 12-ம் ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் இறங்கும், அதற்கு முன் கழுத்து வளைவைச் சரிபார்க்க வேண்டும். பழக்கமில்லையென்றால் செட்டப் தெரிந்தவரிடம் கொடுங்கள். புதுக் கிட்டார் வாங்கும் பணத்தில் சிறு பங்குதான் ஆகும், லேமினேட் பலகை இதற்குத் தடையே இல்லை.

கம்பியை 11 கேஜுக்கு மாற்றுங்கள். காந்தாரத்தைத் தள்ளவும் எளிது. கடற்கரை ஊரில் இருந்தால் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள், பூச்சு போட்ட கம்பி கொஞ்சம் விலை அதிகம், ஆனால் நீண்ட நாள் வரும்.

தம்ப் பிக் இப்போது வேண்டாம். லைட்னின் அதைப் போட்டுத்தான் வாசித்தார், அந்த உரத்த பாஸ் பிடித்தால் பிறகு வாங்கிக்கொள்ளலாம். வெறும் விரலில் தொடங்கினால் எந்தக் கம்பியில் இருக்கிறோம் என்று தோல் சொல்லும். எத்தனை விரல் என்ற கவலையும் வேண்டாம். கேரி டேவிஸ் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்தே அத்தனையும் வாசித்தார்.

ஓப்பன் ட்யூனிங்கில் கை வைக்க ஆசையாக இருந்தால் வாரக் கடைசியில் ஓப்பன் ஜி போட்டுப் பாருங்கள்: ஆறாவது, முதல் கம்பிகளை டி-க்கும் ஐந்தாவதை ஜி-க்கும் இறக்கினால் போதும், எந்தக் கம்பியையும் ஏற்ற வேண்டியதில்லை. மிசிசிப்பி ப்ளூஸ்காரர் சன் ஹவுஸ் ஸ்லைடு (விரலில் மாட்டிக் கம்பிமேல் நகர்த்தும் குழாய்) போட்டு வாசித்தது பெரும்பாலும் அதில்தான். ஹர்ட் அநேகமாக எல்லாவற்றையும் சாதாரண ட்யூனிங்கிலேயே வாசித்தார், அதனால் உங்களுக்கு அவசரம் இல்லை. ஸ்லைடு என்று முடிவு செய்தால் செட்டப் கொடுப்பதற்கு முன்னாடியே சொல்லிவிடுங்கள், அதற்குக் கம்பி தாழ்வாக இருக்கக்கூடாது, கனமாகவும் இருக்க வேண்டும். அதற்கு இன்னொரு பழைய கிட்டாரை ஒதுக்குவதுதான் நல்லது.