டிமாண்ட் நோட்டீஸ் வந்திருக்கிறது: நூல் தரத்தில் தகராறு இருந்தால் என்சிஎல்டி (தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம்) மனு நிற்குமா?

பனியன்_கணக்கு:
வணக்கம். திருப்பூரில் பிரைவேட் லிமிடெட் கம்பெனி. நூல் மில்லிடமிருந்து ஐபிசி (திவால் சட்டம், IBC) 8-ஆம் பிரிவின்படி படிவம் 3, அதாவது பாக்கி கேட்கும் டிமாண்ட் நோட்டீஸ், வந்திருக்கிறது. அசல் 1.09 கோடி, 18% வட்டி 15 லட்சம், ஆக 1.24 கோடி கேட்கிறார்கள். இதில் இரண்டு லாட் நூலை ஓட்டியபோது துணியில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தது. அப்போதே மெயில் போட்டு 14 லட்சத்துக்கு டெபிட் நோட் (பாக்கியில் அந்தத் தொகையைக் கழிப்பதாகச் சொல்லும் சீட்டு) அனுப்பினோம். மில் பதிலே தரவில்லை. மனு போட்டால் கம்பெனியை இழுத்து மூடிவிடுவார்களா?

திவால்_வக்கீல்:
எடுத்த எடுப்பில் மூடமாட்டார்கள். மனு அட்மிட் ஆனால் (விசாரணைக்கு ஏற்கப்பட்டால்) டைரக்டர்கள் கையிலிருந்து நிர்வாகம் ஐஆர்பி, அதாவது தீர்ப்பாயம் நியமிக்கும் இடைக்காலத் தீர்வு நிபுணர், கைக்குப் போகும். தீர்வுத் திட்டம் எதுவும் தேறாவிட்டால்தான் கலைப்பு. ஆனால் பேங்க் லிமிட், பையர் ஆர்டர் எல்லாம் அட்மிட் ஆன அன்றே ஆட்டம் காணும். தடுக்க வேண்டியது அந்தக் கட்டத்தைத்தான்.

நோட்டீஸ் கையில் கிடைத்த 10 நாளுக்குள் பதில் போட்டுவிடுங்கள். தேதி தவறினாலும் பிறகு என்சிஎல்டியில் தகராறைக் காட்ட முடியும். ஆனால் ஏன் வாய் திறக்கவில்லை என்ற கேள்வி வரும். லாட் நம்பர், இன்வாய்ஸ் நம்பர், மெயில், டெபிட் நோட், அதை அனுப்பியதற்கான அத்தாட்சி, துணிச் சோதனை ரிப்போர்ட் எல்லாம் இணைப்பாகப் போகட்டும். எல்லாமே நோட்டீஸுக்கு முந்தைய தேதியில் இருக்க வேண்டும். நோட்டீஸ் பார்த்தபிறகு எழுதிய புகார் செல்லாது.

மொபிலாக்ஸ் வழக்கில் (2017) உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் உங்களுக்குச் சாதகம்: தகராறில் ஜெயிப்பீர்களா என்று என்சிஎல்டி பார்க்காது. மேற்கொண்டு விசாரிக்க வேண்டிய விஷயம் இருக்கிறதா, வெறும் சால்ஜாப்பா என்று மட்டும் பார்க்கும்.

கோவை_சிஎஸ்:
தரத் தகராறு 14 லட்சத்துக்குத்தான். மீதி 95 லட்சத்துக்கு உங்களிடம் பதில் இல்லை, அதை மறைக்க வேண்டாம். ஆனால் 24.3.2020 முதல் மனு போடக் குறைந்தபட்ச பாக்கி வரம்பு 1 கோடி. அசலில் தகராறைக் கழித்தால் வரம்புக்குக் கீழே வந்துவிடுகிறீர்கள். ஆகவே சண்டை முழுக்க வட்டியில்தான். பர்ச்சேஸ் ஆர்டரில் வட்டி பேசியிருக்கிறதா, இன்வாய்ஸில் 18% அச்சடித்து நீங்கள் ஆட்சேபிக்காமல் வாங்கியிருக்கிறீர்களா என்று எடுத்துப் பாருங்கள். ஒப்புக்கொண்ட வட்டி என்றால் அசலோடு சேரும், வரம்பைத் தாண்டிவிடும். எங்குமே இல்லாத வட்டியை நோட்டீஸில் புதிதாகச் சேர்த்திருந்தால் பதிலில் முதல் பாராவிலேயே அடியுங்கள்.

இன்னொன்று: டெபிட் நோட்டை உங்கள் டாலி கணக்கில் ஏற்றி, அந்த அளவுக்கு ஜிஎஸ்டி இன்புட் கிரெடிட்டை (வாங்கியபோது கட்டிய வரிக்கான கழிவு) ரிவர்ஸ் செய்தீர்களா? முழு கிரெடிட்டையும் எடுத்துக்கொண்டு "நூல் சரியில்லை" என்றால் எதிர்த்தரப்பு உங்கள் ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னைத்தான் முதலில் நீட்டும்.

பனியன்_கணக்கு:
ரிவர்ஸ் பண்ணியாச்சு. ஆனால் ஆடிட்டுக்காக மார்ச் 31 பேலன்ஸ் கன்ஃபர்மேஷனில் (பாக்கி இவ்வளவு என்று உறுதிசெய்யும் கடிதம்) கையெழுத்துப் போட்டிருக்கிறோம், டெபிட் நோட்டுக்கு அப்புறம்.

திவால்_வக்கீல்:
எந்தத் தொகைக்குப் போட்டீர்கள்? 95 லட்சம் என்றால் அதுவே உங்கள் சாட்சி. 1.09 கோடி என்றால் தகராறைக் கைவிட்டதாக வாதாடுவார்கள். கடிதத்தில் "டெபிட் நோட் நிலுவை" என்று ஒரு வரி இருந்தாலும் தப்பிக்கலாம்.

மனு தள்ளுபடி ஆனாலும் கடன் அழியாது. மில்லுக்குக் குறு அல்லது சிறு நிறுவனமாக உத்யம் பதிவு இருந்தால், பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் எம்எஸ்எம்இ கவுன்சிலுக்குப் போவார்கள். அங்கே ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி, தீர்ப்பை எதிர்க்கத் தீர்ப்புத் தொகையில் 75% கட்ட வேண்டும். 95 லட்சத்துக்குத் தவணை பேசும் கடிதம் ஒன்றைத் தனியாக, "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று போட்டு அனுப்புங்கள். நோட்டீஸ் பதிலோடு அதைக் கலக்காதீர்கள்.