மறு: கிரைண்டிங்: தேய்ப்பா, அராவலா?

அன்புடையீர், வணக்கம்.

தொழிற்பயிற்சிக் கையேடு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். மெதுவாகச் சுழலும் ஆங்கிள் கிரைண்டரில் (சுழலும் வட்டால் உலோகப் பரப்பைச் சீராக்கும் கைக்கருவி) வேலை விரைவாக நடக்க என்ன செய்வது என்பதே கடைசி இயல். 125 மி.மீ. வட்டு நிமிடத்துக்கு 11,000 சுற்றுச் சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்கு 72 மீட்டர் ஓடும். 3,000 சுற்றில் 20 மீட்டர்கூடத் தேறாது. இதை விளக்க 'விளிம்பு வேகம்' போதும், சிக்கல் 'கிரைண்டிங்'குக்கான தமிழ்ச் சொல்லில்தான். 'அரைத்தல்' என்றால் பொடியாக்குவதாகிவிடும் என்பதால் 'தேய்த்தல்' என்று எழுதி வைத்திருக்கிறேன்; மனம் ஒப்பவில்லை.

----

ஐயா,

ஒப்பாததில் வியப்பில்லை. தேய்தல் தன்வினை, தேய்த்தல் பிறவினை. நாளை யாரேனும் கருவிக்கு 'தேய்பொறி' என்று வினைத்தொகையில் பெயரிட்டால் அவ்வேறுபாடு மறைந்து, தேய்பிறையைப் போலத் தானே தேய்கிற பொறி என்றாகிவிடும். 'அராவுதல்' என்னும் நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. அரம், அரி, அரை, அராவு ஆகிய நான்கும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. நிலத்தை அராவிக்கொண்டே ஊர்வதால்தான் பாம்புக்கு அரவம் என்று பெயர் வந்தது என்றும் நெடுநாளாகச் சொல்லி வருகிறேன்; இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை.

----

ஐயா,

மறுக்காததால் ஒப்புக்கொண்டோம் என்று ஆகாது. நான் பட்டறையில் பயிற்றுவிப்பவன். 'அராவு' என்று சொன்னால் என் மாணவர் அரத்தைத்தான் எடுப்பர். 'அரம்பொருத பொன்போலத் தேயும்' என்ற 888ஆம் குறளிலும் அரம் பொருகிறது, பொன் தேய்கிறது. விளைவைச் சொல்லும் வினை தேய்தலே.

தானே தேயும் பொறி என்று தாங்கள் எள்ளியது மெதுவான கிரைண்டருக்கு முற்றும் பொருந்துகிறது. சுழற்சி குறையும்போது வட்டில் பிணைக்கப்பட்டிருக்கும் வெட்டும் துகளாகிய ஒவ்வொரு மணியும் தடித்த சீவலை எடுக்க நேர்வதால், மணிகள் பிணைப்பிலிருந்து பிய்ந்து, இரும்பைவிட வட்டு விரைவாகக் கரைகிறது. வேலை நகரவில்லையே என்று மாணவர் இன்னும் அழுத்துவர். ரீங்காரம் உறுமலாக மாறும், சுழற்சி மேலும் விழும், மோட்டார் சூடேறும். அந்த உறுமல் கேட்டவுடன் கையைத் தளர்த்தச் சொல்கிறேன். பிறகு 36 அல்லது 40ஆம் எண் முரட்டு மணி கொண்ட ஃபிளாப் டிஸ்க்கை (உப்புத்தாள் போன்ற மடல்களை அடுக்கி ஒட்டிய வட்டு) மாட்டி, முழு முகமும் பதியாதபடி சற்றே சாய்த்துப் பிடித்தால், அழுத்தம் சிறிய இடத்தில் குவிந்து மணிகள் கடிக்கத் தொடங்கும். விளிம்பு வேகம் கூடும் என்று காப்பு மூடியைக் கழற்றிவிட்டுப் பெரிய டிஸ்க்கைப் பூட்டுவது மட்டும் கூடவே கூடாது; இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள். டிஸ்க்கில் அச்சிட்டிருக்கும் சுற்றெண் மேல்வரம்பே என்பதையும் சேர்த்துவிடுங்கள். அந்த எண்ணை எட்டினால்தான் டிஸ்க் வெட்டும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள்.

----

ஐயா,

மணி கடிக்கிறது என்று தாங்களே எழுதிவிட்டீர்கள். கடிப்பது தேய்ப்பாகுமா? கடித்துத் துகளாக நீக்குவதே அராவல். விளங்க வேண்டும் என்பதற்காகச் செயலின் இயல்பை விட்டுக்கொடுக்கலாகாது. கையிலிருக்கும் அரத்தையும் சுழலும் வட்டையும் ஒரே சொல்லால் குறிப்பதில் குற்றமும் இல்லை. இரண்டும் செய்வது ஒரே வேலை.

----

அன்புடையீர்,

நேற்றிரவு வரை தேய்ப்புக்கு ஐவர், அராவலுக்கு இருவர். 'சாணை' என்ற ஒருவர், அது கத்திக்கு முனையேற்றுவதோடு நின்றுவிடுகிறது என்று தாமே விலகிக்கொண்டார். தண்டு மோட்டாருக்குச் செங்கோணத்தில் திரும்பியிருப்பதால் 'செங்கோணத் தேய்ப்பி' என்பதே சரி என்ற திருத்தமும் வந்தது. நீளம் கருதி 'கோணத் தேய்ப்பி' என்றே விடுகிறேன். 'அராவல்' அடிக்குறிப்பில் வரும். அரவத்துக்கு அங்கே இடமில்லை.

----

ஐயா,

உடன்பாடில்லை. அரவம் பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.