பைத்தான் லிஸ்ட்டில் +91-ஐ நீக்கினால் செல்போன் எண்ணும் சேர்ந்து போகிறது

புதுக்கோடர்:
வணக்கம். கடை வாடிக்கையாளர்களின் செல்போன் எண்களை ஒரு லிஸ்ட்டில் (பட்டியலில்) ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துச் சரமாக, வைத்திருக்கிறேன். முன்னால் இருக்கும் +91 போய், 10 இலக்கம் மட்டும் வேண்டும். (போனில் தட்டுவதால் கோடும் தமிழிலேயே இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஃபார் எண் இன் எண்கள்:
    எண் = எண்.எல்ஸ்ட்ரிப்("+91")
    பிரின்ட்(எண்)

சில எண்கள் சரியாக வருகின்றன. சிலவற்றில் 9 இலக்கம்தான், ஒன்றில் 7. அதைவிடக் குழப்பம், லூப் முடிந்ததும் லிஸ்ட்டைப் பார்த்தால் +91 எல்லாம் அப்படியே இருக்கிறது!

பழைய_பாம்பு:
கெட்டுப்போனவை எல்லாம் 9-இல் தொடங்கும் எண்களா? 6, 7, 8-இல் தொடங்குபவை தப்பித்திருக்குமே.

புதுக்கோடர்:
அட, ஆமாம்!

பழைய_பாம்பு:
எல்ஸ்ட்ரிப்புக்கு நீங்கள் கொடுத்தது "+91" என்ற ஒரு துண்டு இல்லை. +, 9, 1 என்ற மூன்று எழுத்துகள். இடப்பக்கத்திலிருந்து இவற்றில் எது, எந்த வரிசையில், எத்தனை முறை வந்தாலும் தின்றுகொண்டே போகும். வேறு எழுத்து வந்தால்தான் நிற்கும். "+9198…" என்றால் 8-இல் நிற்கும், ஓர் இலக்கம் காலி. "+919194…" என்றால் 4 வரை போய்விடும். அந்த 7 இலக்க எண் இப்படித்தான் வந்திருக்கும்.

இதில் பலரும் விழுந்ததால்தான் 2020-இல் வந்த பைத்தான் 3.9-இல் ரிமூவ்ப்ரிஃபிக்ஸ் சேர்த்தார்கள். அது முழுத் துண்டாகப் பார்த்து, முன்னால் இருந்தால் ஒரே ஒரு முறை எடுக்கும். இல்லாவிட்டால் தொடாது.

லிஸ்ட் மாறாதது தனி விஷயம். ஸ்ட்ரிங்கை இருந்த இடத்திலேயே மாற்ற முடியாது. புது ஸ்ட்ரிங்தான் கிடைக்கும். அது லூப்பில் உள்ள 'எண்' என்ற பெயருக்குப் போகிறதே தவிர லிஸ்ட்டுக்குள் போவதில்லை. புது லிஸ்ட் கட்டுங்கள்:

எண்கள் = [எ.ரிமூவ்ப்ரிஃபிக்ஸ்("+91") ஃபார் எ இன் எண்கள்]

சுருக்கு_வழி:
எ[3:] போட்டால், முதல் மூன்று எழுத்தை விட்டு மீதி வரும், முடிந்தது. எதற்கு இவ்வளவு?

பழைய_பாம்பு:
எல்லாவற்றிலும் +91 இருந்தால் சரி. இல்லாத ஒன்று நடுவில் வந்தால், சத்தமில்லாமல் முதல் மூன்று இலக்கத்தை வெட்டிவிடும். கையால் நிரப்பிய பட்டியலில் நான் அதை நம்ப மாட்டேன்.

புதுக்கோடர்:
வீட்டில் வேலை செய்கிறது, நன்றி. ஆனால் கடை கம்ப்யூட்டரில் பைத்தான் 3.8, ரிமூவ்ப்ரிஃபிக்ஸ் இல்லை என்று அட்ரிபியூட்எரர் வருகிறது. அப்புறம், சில எண்களில் + இல்லாமல் வெறும் 91 இருக்கிறது.

பழைய_பாம்பு:
3.8-இல் இப்படி:

[எ[3:] இஃப் எ.ஸ்டார்ட்ஸ்வித்("+91") எல்ஸ் எ ஃபார் எ இன் எண்கள்]

வெறும் 91-ஐ மட்டும் நம்பி வெட்டாதீர்கள். 91-இல் தொடங்கும் 10 இலக்க எண்ணும் உண்டு. நீளம் 12 ஆக இருந்து, 91-இல் தொடங்கினால் மட்டும் எ[2:]. அதற்கு முன், இரு முனைகளிலும் உள்ள இடைவெளியை நீக்கும் ஸ்ட்ரிப்() ஒன்று போடுங்கள், ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் நீளக் கணக்கு தவறிவிடும்.

புதுக்கோடர்:
இடைவெளியும் இருந்தது. இப்போது எல்லாம் 10 இலக்கம்.